ஸ்ரீரங்கத்துப் படித்துறையும் கோவளத்து அலையும்

திருச்சிக்குக் கடல் கிடையாது. இங்கிருந்து காவிரி பூம்புகாரைத் தொட நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஆனாலும் சென்னையை அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்குக்குப் புதிதாக வருபவர் பெறும் முதல் பாடத்தையும், ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் காவிரியில் பெற்ற முதல் நீச்சல் பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்று கடல், மற்றது ஆறு. ஒன்று உப்பு, மற்றது நன்னீர். ஒன்றுக்குக் கட்டணம் உண்டு, மற்றதற்கு இல்லை. இந்த வேறுபாடுகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒற்றுமைகள்தாம் எதிர்பாராதவை. இந்த இரண்டு இடங்களும் புதியவருக்கு ஏன் உகந்தவையாயின என்று கேட்டுக்கொண்டே போனால், இரண்டு கேள்விகளும் ஒரே பொருளில் வந்து முட்டுகின்றன. அது காலடி மணல்.

மணலுக்கு வருமுன், இரண்டுக்கும் இடையிலான அடிப்படை முரணைப் பார்த்துவிடலாம். காவிரியில் தண்ணீர் பயணம் செய்கிறது. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படியில் நின்று ஒரு பூவை விட்டால் அது கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. கடலில் பயணம் செய்வது தண்ணீர் அன்று, அலை. கரையைவிட்டுச் சற்று உள்ளே மிதக்கும் வலைமிதவையைக் கவனித்தால் தெரியும்: அலை அதை மேலே தூக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளி, கீழே இறக்கி, ஏறத்தாழ பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகும். கடல்நீர் வட்டமடிக்கிறது, வடிவம் மட்டும் கரைக்கு வருகிறது. ஆகவே ஆற்றில் நீந்துபவர் ஒரு பொருளின் ஓட்டத்தோடு உறவாடுகிறார். பலகையில் நிற்பவர் ஒரு வடிவத்தின் ஓட்டத்தோடு உறவாடுகிறார்.

இந்த முரணைத் திருப்பிப் போட்டாலும் சமன்பாடு குலைவதில்லை. ஆற்றிலும் அலை உண்டு. அடியில் பாறையோ தடையோ இருக்கும் இடத்தில் வேகமாகப் பாயும் நீர் எழும்பி, எழும்பிய இடத்திலேயே நிற்கும். கடலில் நீர் நிற்க அலை ஓடுகிறது; ஆற்றில் அலை நிற்க நீர் ஓடுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஐஸ்பாக் என்ற ஓடையில் இப்படி நிற்கும் ஓர் அலையில் 1970களிலிருந்தே பலகை ஓட்டுகிறார்கள். கடல் இல்லாத ஊருக்கு அலைச்சறுக்கு அந்நியம் என்ற எண்ணத்தை அந்த ஓடை பொய்யாக்கியது. மியூனிக்குக்கு மீண்டும் வருவோம்; அங்கே 2025இல் நடந்த ஒன்று நம் கொள்ளிடத்துக்கு மிக நெருக்கமானது.

இனிப் பருவம். எனக்கு மிகவும் வியப்பளித்த உறவு இதில்தான் இருக்கிறது. ஆடி மாதத்துத் திருச்சியில் மழை பெரிதாக இருக்காது. புழுதியைக் கிளப்பும் காற்றும் வெயிலும்தான். அந்த வறண்ட வானத்தின் கீழே ஆறு இரு கரையையும் தொட்டுப் போகும். மழை பெய்தது குடகில். அது மேட்டூர் அணையில் தேங்கி, வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, மூன்று நாள் போல நடந்து முக்கொம்புக்கு வந்து, அங்கே காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. அதே மாதத்துக் கோவளத்திலும் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அக்கம்பக்கத்தில் புயல் இருக்காது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒன்றாக அலைகள் ஒழுங்காக வரும். அவை பூமியின் தென்பாதியில், அங்கே குளிர்காலமாக இருக்கும் மாதங்களில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வீசிய புயல்களில் பிறந்தவை. பல நாள் பயணம் செய்து வங்கக் கரைக்கு வருகின்றன. ஒன்று வெளியூர் மழையின் வரவு. மற்றது வெளியூர்க் காற்றின் வரவு. இரண்டு வரவும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் நிகழ்கின்றன. இரண்டையும் கற்பவர் தம் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

அந்தத் தொலைவுதான் ஆபத்தும். காவிரியில் மேலே திறந்த தண்ணீர், ஆற்றின் நடுத்திட்டில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கடலிலும் அப்படியே. 2024 மே மாதம் திருச்சியில் படித்துக்கொண்டிருந்த ஐந்து மருத்துவ மாணவர்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் அலைக்கு இரையானார்கள். அந்தக் கடற்கரைகளில் சொல்லப்படும் ‘கள்ளக்கடல்’ அன்று எழும்பியிருந்தது. உள்ளூரில் காற்றில்லாமல் தூரத்துப் புயலால் வரும் பெருஅலை அது. எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. ஆற்றங்கரையில் ஒலிபெருக்கியில் வரும் வெள்ள எச்சரிக்கையை நம்பும் ஊர்க்காரர்களுக்கும், வெயிலடிக்கும் கடற்கரையில் எச்சரிக்கையை நம்புவது கடினம் என்பதை அந்தச் செய்தியைப் படித்தபோது ஆழ்ந்த துயரத்தோடு உணர்ந்தேன்.

நேரமும் ஒத்துப்போகிறது. கோவளத்தில் பாடம் விடியலில் தொடங்கும். காலையில் தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மென்காற்று, வரும் அலையின் முகத்தைத் தடுத்து நிமிர்த்திக் கொடுக்கிறது. பிற்பகலில் எதிர்த்திசையில் கடற்காற்று எழுந்ததும் அலை குலைந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் விடியல் நீராட்டுக்குக் காரணம் வேறு. கோயிலும் ஆசாரமும் வகுத்த நேரம் அது. காரணம் வேறாயினும் ஆறு மணிக்கு இரண்டு கரையிலும் ஈரத் தலைகளைப் பார்க்கலாம்.

மணலுக்கு வருவோம். புதியவர்களுக்கான கடற்கரை என்று பலகை ஓட்டுபவர்கள் சொல்வது பாறையோ பவளமோ இல்லாத, மணல் மேட்டின்மேல் அலை உடையும் கரையை. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்கு வந்ததும் அலை தலைகுப்புற விழும். அடியில் மணல் மெல்ல உயர்ந்தால் அலையும் மெல்லச் சரியும். திடீரென்று உயர்ந்தால் அறையும். கோவளத்தின் முனையில் பாறைகளை ஒட்டி உடையும் நீண்ட அலை தேர்ந்தவர்களுக்கு உரியது. அதற்கு உட்புறம், உடைந்து நுரையாகி இடுப்பளவு நீரில் தவழ்ந்து வரும் அலைதான் புதியவருக்கு. காவிரியும் இதே தர்க்கத்தில்தான் ஆசிரியையானாள். மலையடிவாரத்து ஆறுகளில் பாறை இடுக்கும் ஆழமும் உண்டு. திருச்சிக்கு வரும்போது ஆறு அகன்று, மணலைப் பரப்பி, முழங்கால் ஆழத்திலிருந்து கழுத்தளவுக்கு அங்குலம் அங்குலமாக இறங்கிக் கொடுத்தது. விழுந்தால் மணல், கால் ஊன்றினாலும் மணல்.

இரண்டு இடத்திலும் புதியவர் முதலில் உணர்வது ஒன்றே. முழங்கால் நீரில் அசையாமல் நில்லுங்கள். சற்று நேரத்தில் குதிகாலுக்கு அடியில் மணல் கரையத் தொடங்கும். கடலில் ஒவ்வோர் அலையும் திரும்பும்போது ஒரு கைப்பிடி மணலைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அடுத்த அலை கொஞ்சம் கொண்டுவந்து போடுகிறது. கால் புதைந்தும் எழுந்தும் ஆடுகிறது. ஆற்றில் திருப்பித் தருவது இல்லை. கணுக்காலைச் சுற்றி நீர் சுழித்து ஒரே பக்கமாக அரித்துக்கொண்டே போகும். நின்றவர் தாமறியாமல் சாய்வார். பொறியாளர்கள் பாலத் தூணைச் சுற்றி நிகழும் அரிப்பு என்று சொல்வதும் இதே செயல்தான், அளவு மட்டும் வேறு. 1928இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. படித்துறையில் நிற்கும் சிறுவனின் குதிகாலுக்கும் அந்தத் தூண்களுக்கும் ஆறு ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறது.

இனி, பாடம் நடக்கும் விதம். ஸ்ரீரங்கத்தில் தார் வெட்டிய வாழைமரத்தை இரண்டு முழத் துண்டாக்கி நெஞ்சுக்கு அடியில் கொடுப்பார்கள். சிலர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். கோவளத்தில் எட்டு ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மென்நுரை பொதிந்த பலகையைக் கொடுக்கிறார்கள். வாழைமரத்தின் உள்ளே நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது, நுரைப்பலகையிலும் அதேதான். இரண்டும் தலையில் மோதினாலும் மண்டை உடையாது. ஆனால் இங்கே பாதை பிரிகிறது. வாழைமரம் கைவிடப்படுவதற்காகக் கொடுக்கப்படுவது. அது இல்லாமல் மிதந்த அன்று படிப்பு முடிந்தது. பலகை கைவிடப்படுவதே இல்லை. தேறத் தேற அது குட்டையாகி, கடினமாகி, காலோடு கயிற்றால் கட்டுண்டு கூடவே வருகிறது.

கற்பிப்பவரின் கையும் எதிரெதிரானது. ஆற்றில் மாமாவோ பெரியப்பாவோ பிள்ளையின் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குவார். “கால அடிடா, நல்லா அடி, நான் புடிச்சிருக்கேன்” என்பார். அவர் அதைச் சொல்லும்போதே கை விலகியிருக்கும். கோவளத்தில் பயிற்றுநர் பலகையின் வால்புறத்தைப் பிடித்துக்கொண்டு அலையைப் பார்த்தபடி நிற்பார். “அக்கா, கைய போடுங்க, போடுங்க... இப்ப எந்திரிங்க! கீழ பாக்காதீங்க, கரையப் பாருங்க!” என்று சொல்லிக்கொண்டே தள்ளிவிடுவார். ஆற்றில் கற்பித்தல் என்பது கையை எடுக்கும் நேரத்தை அறிவது. கடலில் கையால் தள்ளும் நேரத்தை அறிவது. இரண்டிலும் கற்பவருக்கு அந்த நொடி தெரியாமல் இருப்பதே நல்லது. அறிந்துவிட்டால் உடம்பு இறுகிப்போகும்.

ஆனால் மிதவையைவிட முக்கியமான பாடம், இழுப்பைப் பற்றியது. மணல் மேட்டின்மேல் உடைந்து கரையேறிய கடல்நீர், மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கூடி வேகமாகத் திரும்பும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். தெரியாதவர் அதையே குளிக்க நல்ல இடம் என்று தேர்வார். அதில் சிக்கினால் கரையை நோக்கி முட்டிமோதக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறி, பிறகு நுரையோடு கரைக்கு வரவேண்டும். காவிரியில் பெரியவர்கள் சொன்ன விதியும் இதன் உடன்பிறப்பே. எதிர்த்து நீந்தாதே, ஆற்றோடு போய்க்கொண்டே குறுக்கே கரை சேர், இறங்கிய படியில்தான் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்காதே. இரண்டு இடத்திலும் மூழ்கியவர்களில் பலரை மூழ்கடித்தது நீரின் ஆழத்தைவிட, நேர்க்கோட்டில் திரும்பும் பிடிவாதமும் அதனால் வந்த களைப்பும்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கடலின் இழுப்பு மேட்டைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். ஆற்றின் இழுப்பு தளராது. அதனால் ஆற்றில் அடுத்த துறை எது, எங்கே கரை ஏறலாம் என்று இறங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கவாட்டு அறிவு பழைய கலங்களிலும் உண்டு. பரிசல்காரர் நேராக எதிர்க்கரைக்குப் போவதில்லை. மேலே ஏறிப் புறப்பட்டு, ஆறு கீழே தள்ளத் தள்ளத் தாம் வேண்டிய துறைக்கு வந்து சேர்கிறார். கட்டுமரக்காரரும் அலைகளின் இடைவெளியைப் பார்த்துக் காத்திருந்து உள்ளே போகிறார். திரும்பும்போது ஓர் அலையின் முதுகைப் பிடித்துக் கரையேறுகிறார். பலகை வருமுன்பே இந்தக் கரையில் அலையேறத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கோவளம் அந்த அறிவை என்ன செய்தது என்பதைப் பார்க்கும்போது, ஒப்பீடு திருச்சிக்குச் சற்று வலிக்கத் தொடங்குகிறது. மீனவரான மூர்த்தி மேகவன் தாம் கற்ற அலைச்சறுக்கை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, 2012இல் அலைச்சறுக்கு ஆர்வலர்களான அருண் வாசு, யோதம் ஆகம் ஆகியோரின் துணையோடு அங்கே ஒரு பள்ளி உருவானது. கட்டுமரக்காரர்களின் பிள்ளைகள் பயிற்றுநர்களானார்கள். அடுத்திருக்கும் மாமல்லபுரத்திலிருந்து கமலி மூர்த்தி என்ற பெண் சிறுமியாக இருந்தபோதே ஒரு குறும்படத்தின் நாயகியானார். பின்னர்த் தேசியப் போட்டிகளில் வென்றார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். இவற்றின் அடியில் இருப்பது கடலை அறிந்தவரே கடலைக் கற்பிக்கலாம் என்ற எளிய முடிவு.

காவிரிக் கரையில் அந்த முடிவு எடுக்கப்படவில்லை. ஆற்றை அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அறிவு குடும்பத்துக்குள் ஓடி, குடும்பத்துக்குள்ளேயே வற்றிக்கொண்டிருக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் தடுப்புக் கட்டுகிறார்கள், தீயணைப்பு வீரர்களை நிறுத்துகிறார்கள். வெள்ளம் மிகுந்தால் குழாய் நீரில் குளிக்கவைத்து அனுப்புகிறார்கள். உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் ஆண்டு முழுவதும் ஆற்றைக் கற்பிக்கும் ஒருவர்கூட இல்லாத ஊரில், தடுப்பு மட்டுமே பாதுகாப்பாகிவிடுகிறது. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். படித்துறையில் நீராடியவர்களில் நீந்தக் கற்றவர்கள் எத்தனை பேர் என்று ஸ்ரீரங்கத்துப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். கமலிக்குக் கிடைத்ததில் பாதியாவது காவிரிக் கரைச் சிறுமிக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இடையே ஒரு கிளைக்கதை. இந்தியாவில் அலைச்சறுக்கு வேரூன்றியதில் கர்நாடகத்தின் முல்கியில் இருந்த ஓர் ஆசிரமத்துக்குப் பெரிய பங்குண்டு. அதை நிறுவிய ஜாக் ஹெப்னர் அமெரிக்காவிலிருந்து வந்த துறவி. சைதன்யரின் கௌடீய வைணவ மரபைச் சேர்ந்தவர். அந்தச் சைதன்யர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மழைக்கால நான்கு மாத நோன்பை ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் வீட்டில் கழித்தார் என்பது அம்மரபின் வரலாறு. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனம் சென்று, அம்மரபின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். காவிரி நிறைந்து ஓடும் அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்தில் தங்கிப் போன ஒரு மரபு, ஐந்நூறு ஆண்டு கழித்து இந்தியக் கடற்கரைக்குப் பலகையோடு வந்து நின்றது. காரண காரியம் எதையும் இதில் நான் தேடவில்லை. தெரிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, அவ்வளவே.

மீண்டும் மணல். இங்கே இரண்டு இடங்களும் ஒரே நோயால் அவதிப்படுகின்றன. வங்கக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதும் நகர்த்துகின்றன. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. வழியில் சுவர் எழுப்பினால் சுவரின் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இப்படித்தான். புதுச்சேரியில் துறைமுகச் சுவருக்குப் பின் நகரக் கடற்கரையின் மணலே காணாமற்போய், 2018இல் கடலடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தபிறகுதான் ஒரு பகுதி மணல் திரும்பியது. இந்த மணலை ஆதியில் கடலுக்குக் கொடுத்தவை ஆறுகள். அணைகள் அதைத் தேக்குகின்றன. லாரிகள் மிச்சத்தை அள்ளுகின்றன. கொள்ளிடத்தின் தரை தாழ்ந்ததற்கும் 2018 சேதங்களுக்கும் மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குரலெழுப்பினார்கள். அள்ளிய குழிகள் நீருக்கடியில் தெரியாது. அங்குலம் அங்குலமாக இறங்கிய ஆறு, இப்போது ஓரடி வைத்தால் ஆளை விழுங்கும் மடுவாகிறது. புதியவருக்கான இடம் என்ற தகுதியைக் காவிரி இழந்தது அங்கேதான். மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையைப் பார்த்துக் கற்று, 1836இல் முக்கொம்பில் அணை எழுப்பினார் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். அத்தகைய மணலை நாம் வெறும் கட்டுமானச் சரக்காகப் பார்த்தோம்.

கொள்ளிடத்தைப் போல அடித்தரை மாறினால் என்னாகும் என்பதை மியூனிக்கும் காட்டியது. அங்கே 2025 இலையுதிர் காலத்தில் ஐஸ்பாக் ஓடையின் படுகையை வழக்கம்போலத் தூர்வாரினார்கள். தண்ணீரை மீண்டும் விட்டபோது அலை எழவில்லை. அரை நூற்றாண்டாக நின்ற அலை, அடியில் கிடந்த கூழாங்கல்லும் மணலும் மாறியதும் மறைந்துபோனது. கோவளத்தில் பலகை ஓட்டுபவர்கள் மணல் மேடு வாரத்துக்கு வாரம் இடம் மாறுவதைப் பார்த்து அலையைத் தேடிப் போவதும் இதனால்தான்.

கடைசியாக, கற்பவர்களை இடம் மாற்றிப் பார்ப்போம். காவிரியில் நீந்தத் தெரிந்த திருச்சி இளைஞர் கோவளத்துக்குப் போனால், இழுப்பைக் கண்டு அஞ்சமாட்டார். உப்புநீர் தம்மைக் கூடுதலாகத் தூக்குவதை உடனே உணர்வார். ஆனால் பலகையில் படுத்துக்கொண்டு நீர் தம்மைக் கொண்டுபோகும் என்று காத்திருப்பார். அலையோ அவருக்கு அடியில் புகுந்து போய்விடும். அலையின் வேகத்தைத் தம் கையால் எட்டினால்தான் அது ஏற்றிக்கொள்ளும் என்பது ஆறு அவருக்குக் கற்பிக்காத ஒன்று. கோவளத்துப் பெண் ஸ்ரீரங்கம் வந்தால், நன்னீரில் உடம்பு சற்று ஆழ்வதைக் கண்டு திகைப்பார். அலைக்கும் அலைக்கும் நடுவே மூச்சு வாங்கப் பழகியவருக்கு, ஓயாமல் தள்ளும் நீரில் இடைவெளியே இல்லை என்பது புதிது. அவர் கண் தானாகவே ஓர் அலையைத் தேடும். முக்கொம்பு மதகுகளுக்குக் கீழே ஒன்று தெரியும். நுரைத்து, உருண்டு, இருந்த இடத்திலேயே. அதில் மட்டும் இறங்கக் கூடாது என்று யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். உள்ளே போனதைச் சுருட்டிச் சுருட்டித் தன்னிடமே இழுத்துக்கொள்ளும் சுழல் அது.